பழைய வால்வு ஆம்ப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோ ஆம்ப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. கிதார் ஆம்ப் வேறு சங்கதி.

வால்வு, டியூபு, ரெண்டும் ஒண்ணுதானுங்களா? டிரான்சிஸ்டர் செட்டுல இல்லாதது இதுல என்னங்க இருக்குது?

ஒன்றுதான். இங்கிலாந்துக்காரர் வால்வு என்பார், அமெரிக்கர் டியூபு என்பார். நம் ரேடியோக் கடைகளில் வால்வு என்ற பேர்தான் நிலைத்தது.

டிரான்சிஸ்டர் செட் 30, 40 வோல்ட்டில் ஓடி, ஸ்பீக்கரை நேராக இழுக்கும். வால்வு 300 முதல் 450 வோல்ட்டில் ஓடும், கரண்டு சில பத்து மில்லி ஆம்பியர்தான். அதை 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏற்றபடி இறக்க ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சக்திக்கு மிஞ்சி ஏற்றினால் டிரான்சிஸ்டர் சட்டென்று கரகரக்கும், வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். குரலும் வயலினும் இதில் பிடித்துப்போகிறவர்கள் உண்டு. தவில் அடி இறுக்கமாக விழ வேண்டும் என்கிறவர்களுக்குச் சில வால்வு ஆம்ப் ஏமாற்றம் தரும். கேட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பழசு வாங்குறப்ப நாம எதுக்குத்தானுங்க காசு குடுக்கறோம்?

இரும்புக்கு. ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், சிலவற்றில் ஒரு சோக் (ஹம்மைக் குறைக்கும் கம்பிச்சுருள்). வால்வு தேயும், மாற்றலாம். கெப்பாசிட்டர் காயும், மாற்றலாம். ரெசிஸ்டர் கணக்கிலேயே வராது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே மாதிரி சுற்றித் தருபவரைத் தேடி அலைய வேண்டும், அந்தச் செலவு சில ஆம்ப்களின் விலையையே எட்டிவிடும். "வால்வு எல்லாம் புதுசு" என்று விற்பவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் விலையை அதற்காக ஏற்றாதீர்கள்.

வால்வு மேல எழுதியிருக்கற நம்பர் ஒண்ணும் புரியலீங்க.

ஐரோப்பியக் குறியீட்டில் முதல் எழுத்து, வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டரைச் சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட், ஜி என்றால் பெரும்பாலும் 5 வோல்ட், யு என்றால் 100 மில்லி ஆம்பியரில் வரிசையாகக் கோத்த ஹீட்டர். இந்த யு-வை நினைவில் வையுங்கள், ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த மரப்பெட்டி) கேள்வியில் வேலை இருக்கிறது. அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும்: சிசி இரட்டை டிரையோடு (சின்ன சிக்னலைப் பெருக்குவது), எல் பவர் பென்டோடு (ஸ்பீக்கரை ஓட்டுவது), இசட் ரெக்டிஃபயர் (ஏசியை டிசி ஆக்குவது). 80களில் வரும் எண் 9 முள் சின்ன அடி, 30களில் வருவது 8 முள் பெரிய அடி. ஆக ஈஎல்84 சின்ன பவர் வால்வு, ஈஎல்34 பெரிய பவர் வால்வு.

அமெரிக்கப் பெயர் வேறு. ஈசிசி83-ம் 12ஏஎக்ஸ்7-ம் ஒரே வால்வு. ஈசிசி82 என்பது 12ஏயு7, ஈசிசி81 என்பது 12ஏடி7. மூன்றுக்கும் முள் ஒன்றுபோலிருக்கும், சாக்கெட்டில் இறங்கும் என்பதற்காக ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக் கூடாது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரிசீவிங் வால்வு செய்யத் தொடங்கியது. அதன் ஈசிசி83, ஈஎல்84 எல்லாம் பழைய ரேடியோக் கடை டப்பாக்களில் இன்னும் கிடைத்தால் நம்பி வாங்கலாம்.

எத்தனை வாட் இருந்தா எங்க ஹாலுக்குப் போதுமுங்க?

ஹாலை விட ஸ்பீக்கரைக் கேளுங்கள். ஸ்பீக்கர் பின்னால் 86, 88, 91 என்று டெசிபல் கணக்கு இருக்கும்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எவ்வளவு சத்தம் என்பது. வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் ஏறும். எனவே 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் காதில் பெரிய தூரம் இல்லை. 86 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 92 டெசிபல் ஸ்பீக்கர் போட்டாலோ, ஆம்ப்பை நாலு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம்.

ஒற்றை ஈஎல்84 என்றால் 5 வாட். ஒற்றை 300பி சுமார் 8. சேனலுக்கு இரண்டு ஈஎல்84 புஷ்புல் (ஒன்று தள்ள, மற்றது இழுக்க, ஜோடியாக ஓடுவது) என்றால் 10 முதல் 15. இரண்டு ஈஎல்34 சுமார் 35. இரண்டு கேடி88 என்றால் 50-க்கு மேல். 12-க்கு 14 அடி அறையில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு, ஈஎல்84 புஷ்புல் தாராளம். 86-க்குக் கீழே உள்ள சின்னப் பெட்டி ஸ்பீக்கர் என்றால் ஈஎல்34 பக்கம் போங்கள். 5 வாட் ஆம்ப்பை வாங்கிவிட்டு, "சத்தமே வரலீங்க" என்று வருபவர்கள்தான் அதிகம்.

எந்த மாடல் கெடைச்சா விடக் கூடாதுங்க?

டைனகோ எஸ்டி-70: 1959-ல் வந்தது, சேனலுக்கு 35 வாட், நாலு ஈஎல்34. இரும்பு நல்லது, உதிரி கிடைக்கும். ஆனால் அதன் 7199 டிரைவர் வால்வு (பவர் வால்வுக்குச் சிக்னல் கொடுப்பது) அரிது, அந்த போர்டை மாற்றியிருந்தால் குறையாக எண்ணாதீர்கள். லீக் ஸ்டீரியோ 20, ஈஎல்84, 10 வாட்டை ஒட்டி. குவாட் 2, 1953-ல் வந்த 15 வாட் மோனோ, ஸ்டீரியோவுக்கு ஜோடி வேண்டும். ஜோடியில் ஒன்றை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்றால் மற்றது எங்கே என்று கேளுங்கள்.

லக்ஸ்மன் எஸ்கியூ38எஃப்டி கேட்க அருமை, அதன் 50சிஏ10 வால்வு இப்போது தயாரிப்பில் இல்லை. மிச்ச வால்வின் ஆயுள்தான் ஆம்ப்பின் ஆயுள். யாக்கின், கேயின் போன்ற சீன ஆம்ப்கள் பத்து வருடப் பழசாக வந்தால் நல்ல பேரம்: 220 வோல்ட், வால்வு எளிதில் கிடைக்கும், பெருமை மட்டும் குறைவு.

மச்சான் சவூதியிலிருந்து கொண்டாந்தது, இங்க அப்படியே சொருகலாமுங்களா?

பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் சொருகாதீர்கள். சவூதியில் வெகுகாலம் வீடுகளுக்கு 127 வோல்ட்டும் வந்தது. துபாய் சரக்கு பெரும்பாலும் 220-240, கவலையில்லை. அமெரிக்கச் சரக்கு 117 அல்லது 120. ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100.

ஜப்பான் சரக்கில்தான் ஏமாறுவார்கள். கடையில் ஸ்டெப் டவுன் என்று விற்பது 230-ஐ 110 ஆக இறக்குவது. நம் லைனில் 240 வந்தால் அது 115 தரும். 100 வோல்ட் ஆம்ப்புக்கு அது 15 சதவீதம் கூடுதல், 6.3 இருக்க வேண்டிய ஹீட்டர் 7.2-க்குப் போகும், உள்ளே மற்ற வோல்ட்டேஜும் அதே கணக்கில் ஏறும். 230-க்கு 100 என்று சொல்லிச் சுற்றச் சொல்லுங்கள். 200 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு 500 விஏ போடுங்கள், சூடாகாது. 60 ஹெர்ட்ஸ் மட்டும் எழுதிய அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் நம் 50-ல் கூடுதல் சூடாகும், உறுமும். ஒரு மணி நேரம் கழித்துக் கை வைக்க முடியவில்லை என்றால் வேண்டாம். ஜப்பானில் பாதி ஊருக்கு 50, பாதி ஊருக்கு 60 என்பதால் அந்தச் சரக்கில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

எங்கூர்ல சாயங்காலம் கரண்டு டல்லு, ராத்திரி 11 மணிக்கு மேல ஏறிக்குது. ஆம்ப்பு தாங்குமுங்களா?

குறைந்தால் சத்தம் குறையும், அவ்வளவே. ஏறுவதுதான் வால்வைத் தின்னும். 220-க்குச் சுற்றிய ஆம்ப்பில் 245 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டரில் 7.0 நிற்கும். பத்து சதவீதம், அதாவது 6.9, எல்லை. அதற்கு மேல் ஓடினால் வால்வு ஆயுள் பாதியில் தீரும்.

மூன்று நாள், மூன்று வேளை மீட்டரில் லைனைக் குறித்து வையுங்கள். தொடர்ந்து 240-க்கு மேல் என்றால் 15 அல்லது 20 வோல்ட்டைக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். டக் டக் என்று ரிலே மாறும் சாதா ஸ்டெபிலைசர் ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்பீக்கரில் ஒரு 'டப்' தரும். எரிச்சல்தான், ஆபத்தில்லை.

கோயில் மைக் செட்டுக்காரர் பழைய வால்வு ஆம்ப்பு மலிவா தர்றேங்கிறாரு. எடுக்கலாமுங்களா?

அது மோனோ. ஸ்டீரியோவுக்கு ஒரே மாதிரி இரண்டு வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட் லைன் டேப்பிங் (தூரத்து மைக் ஸ்பீக்கர்களுக்கான முனை) மட்டும் இருந்தால் வீட்டு ஸ்பீக்கர் சேராது. 4, 8, 16 ஓம் டேப்பிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கூம்பு ஸ்பீக்கரில் பேச்சு தெளிவாகக் கேட்கச் சுற்றியது. அடி பேஸும் மேல் சன்ன ஒலியும் மெலியும். பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேஸியையும் (உலோக அடிச்சட்டம்) எடுத்து வேறொன்று கட்டும் கை உள்ளவருக்கு லாபம். கேட்டு மகிழ மட்டும் வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள்.

நெல்லியாம்பதி எஸ்டேட் பங்களாவுல ரேடியோகிராம் ஒண்ணு கெடக்குது. ஆம்ப்பை மட்டும் கழட்டிக்கலாமுங்களா?

வால்வுப் பேர்களை முதலில் படியுங்கள். ஈஎல்84, ஈசிஎல்86 என்று ஈ-யில் தொடங்கி, உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் பிழைத்தீர்கள். யுசிஎல்82, யுஎல்84 என்று யு-வில் தொடங்கினால் உள்ளே பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இருக்கலாம். மெயின் லைனின் ஒரு கம்பி நேராகச் சேஸியில் நிற்கும். மரப்பெட்டிக்குள் இருக்கும்வரை கை படாது. வெளியே எடுத்து ஃபோனிலிருந்து வயர் போட்டால், ஃபோனைத் தொட்ட கையில் 230. அப்படிப்பட்டதைக் கழற்ற வேண்டாம்.

வீட்டுல வெச்சுத் தெறந்து பாக்கறது ஆபத்துங்களா?

ஆபத்துத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், உள் வோல்ட்டேஜைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் வயர், கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப் சேஸியில், மறு கிளிப் கெப்பாசிட்டர் பிளஸ்ஸில், பத்து விநாடி. பிறகு மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பின்தான் விரல். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்கவிடும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும். ஓடும் ஆம்ப்பில் அளக்கும்போது இடது கையைப் பாக்கெட்டில் போடுங்கள், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். இதில் பழக்கம் இல்லையென்றால் அளக்கும் வேலையை ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பத்து வருசமா போடாத ஆம்ப்பு. "சொருகிப் பாருங்க, ஓடும்"ங்கிறாரு. சொருகலாமுங்களா?

நேராக வேண்டாம். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸில் போடுங்கள், எல்இடி உதவாது. வால்வு எல்லாவற்றையும், ரெக்டிஃபயர் வால்வையும் சேர்த்துக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடிருக்கிறது. முழு வெளிச்சமாக நின்றால் ஷார்ட். அங்கேயே பேரம் முடிந்தது. ரெக்டிஃபயர் வால்வுக்குப் பதில் டையோடு இருந்தால், வால்வு இல்லாதபோது உள் வோல்ட்டேஜ் வழக்கத்தை விட ஏறும். அரை நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

அடுத்து வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் மாட்டி, பல்போடு ஐந்து நிமிடம். இந்தத் தடவை பல்பு பாதி வெளிச்சத்தில் நிற்கும், அது சரி. ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டவே கூடாது. சிக்னல் போகும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி இன்சுலேஷன் கிழியும். இத்தனையும் தேறினாலும் பத்து வருடம் தூங்கிய ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றத்தான் வேண்டும். 105 டிகிரி ரகம் போடுங்கள். ஜிஇசட்34 ரெக்டிஃபயர் உள்ள ஆம்ப்பில் முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோ ஃபாரடைத் தாண்டக் கூடாது. "பெருசா போட்டா ஹம்மு குறையும்" என்று 220 போட்டு ரெக்டிஃபயரைக் கொன்றவர் உண்டு.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நல்லதா கெட்டதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? மீட்டர்ல 8 ஓம் பக்கம் ஷார்ட்டுன்னு காட்டுது.

8 ஓம் பக்கம் மீட்டரில் ஒரு ஓமுக்குக் கீழேதான் காட்டும். 8 என்பது ஏசி கணக்கு. பயந்து நல்ல ஆம்ப்பை விட்டு வராதீர்கள்.

ஆஃப் செய்து, கெப்பாசிட்டரை இறக்கி, வால்வுகளைக் கழற்றி, நடு டேப்பிங்கிலிருந்து (உயர் வோல்ட்டேஜ் நுழையும் முனை) ஒவ்வொரு பவர் வால்வு பிளேட்டுக்கும் (வால்வுக்குள் வெளித் தகடு) அளவுங்கள். ஈஎல்34-ல் 3-ம் முள், ஈஎல்84-ல் 7-ம் முள். 50 முதல் 200 ஓம் வரை ஏதோ ஒன்று காட்டும். இரண்டு பாதிக்கும் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் இயல்பு: உள் சுற்றுக்குக் கம்பி குறைவு, வெளிச் சுற்றுக்கு அதிகம். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்தது.

சில சுற்று மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் ஓம் அளவில் தெரியாது. சாதா 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு பிளேட் முள்ளுக்கும் நடுவே கொடுத்து, 8 ஓம் முனையில் ஏசி அளவுங்கள். புஷ்புல் ஆம்ப்பில் 0.4 முதல் 0.5 வோல்ட் வரும். இரண்டு சேனலும் ஒரே எண் காட்டினால் நிம்மதி. ஒன்றில் 0.42, மற்றதில் 0.2 என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தலைகீழாக, ஸ்பீக்கர் பக்கம் 12 கொடுத்துவிடாதீர்கள், மறுபக்கம் 300-க்கு மேல் நிற்கும்.

ஹம்மு வருதுங்க. வாங்கலாமா, வேண்டாமா?

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். ஹம் அதோடு குறைந்தால் கோளாறு முன்பக்கம்: வயர், எர்த், முதல் வால்வு. குறையவில்லை என்றால் பவர் சப்ளை. கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்ததைச் சொல்லும். மென்மையான 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரிங், அல்லது வால்வுக்குள் ஹீட்டரும் அது சூடாக்கும் குழலான கேத்தோடும் ஒட்டிக் கசிவது. எல்லாம் சரிசெய்யக் கூடியவை, விலையில் கழியுங்கள். ஹம்மை அடக்க எர்த் வயரை வெட்டிய ஆம்ப் வந்தால் முதல் வேலை அதைத் திரும்ப இணைப்பது.

ஒரு வால்வு உள்ளுக்குள்ள செவக்குதுங்க. இன்னொண்ணுல நீல வெளிச்சம். ரெண்டும் போச்சுங்களா?

மேலே ஹீட்டர் ஆரஞ்சாக ஒளிர்வது இயல்பு. சாம்பல் நிறப் பிளேட்டே பழுத்த இரும்பு மாதிரிச் சிவந்தால் உடனே ஆஃப். அந்த வால்வைப் பக்கத்துச் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். சிவப்பு அதோடு போனால் வால்வு கோளாறு. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் விடுவது) கசிவு. வால்வைக் கழற்றி ஆன் செய்து, சிக்னல் நுழையும் கிரிட் முள்ளில் அளவுங்கள், ஈஎல்34-ல் 5, ஈஎல்84-ல் 2. பயஸ் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது. கேத்தோடு பயஸ் என்றால் பூஜ்யம், ஃபிக்ஸட் பயஸ் என்றால் மைனஸ் 30 முதல் 40 இருக்க வேண்டும். பிளஸ்ஸில் ஒரு வோல்ட் தெரிந்தாலும் அந்தக் கெப்பாசிட்டர் குப்பைக்கு. வழக்கமாக 0.1 அல்லது 0.22 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் ரகம், மலிவு.

நீலம் கண்ணாடிச் சுவரில் ஒட்டி, பாட்டுக்கு ஆடினால் ஒன்றுமில்லை. பிளேட்டுக்கு உள்ளே ஊதாவும் ரோஸுமாகப் புகை போல நின்றால் உள்ளே வாயு. கண்ணாடி உச்சியில் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் காற்றே புகுந்துவிட்டது, அதைச் சொருகவே வேண்டாம்.

பயஸ் வெக்கறதுன்னா என்னங்க, நானே வெக்கலாமா?

பாட்டு இல்லாதபோது பவர் வால்வில் எவ்வளவு கரண்டு ஓட வேண்டும் என்று நிறுத்துவது. கேத்தோடு பயஸ் ஆம்ப்பில் அது தானாக நிற்கும், புதியவருக்கு அதுவே நல்லது. ஃபிக்ஸட் பயஸில் நீங்கள் வைக்க வேண்டும். ஈஎல்34 பிளேட் தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5. பிளேட்டில் 440 வோல்ட் இருந்தால் 40 மில்லி ஆம்பியர். கேத்தோடில் 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் மேல் 0.4 வோல்ட். ஆன் செய்து 20 நிமிடம் கழித்து வையுங்கள், மறுநாள் ஒருமுறை சரிபாருங்கள். எஸ்டி-70-ல் இரண்டு வால்வுக்கும் பொதுவான 15.6 ஓம் ரெசிஸ்டர் மேல் 1.56 வோல்ட் என்று தொழிற்சாலையே சொன்னது. ஒன்றுக்கு 50 மில்லி ஆம்பியர் ஆகும், நம் லைனுக்குக் கொஞ்சம் குறைத்து வைப்பதே புத்தி.

மழைக்காலத்துல என்னங்க பாத்துக்கணும்?

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் சாக்கெட் கவ்விகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், கரகரவென்று சத்தம் வரும். ஆஃப் செய்து, கான்டாக்ட் கிளீனர் தொட்டு வால்வை நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். தளர்ந்த கவ்வியை ஊசியால் நெருக்கலாம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடினாலே ஈரம் ஏறாது. துலா (ஐப்பசி) மாத இடிக்கு ஸ்விட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்குங்கள்.

பிறகு பல்லி. சூடான இடம் தேடி அடித் தகட்டு ஓட்டை வழியே போய், 400 வோல்ட் முனைக்கும் சேஸிக்கும் நடுவே காய்ந்து கிடக்கும். பழைய ஆம்ப் வாங்கும்போது அடித் தகட்டைக் கழற்றிக் கருகிய எச்சத்தைத் தேடுங்கள். இருந்தால் அந்த இடத்து டேக் ஸ்ட்ரிப்பை (வயர்களைப் பற்றவைக்கும் முனைப் பட்டை) மாற்றுங்கள், துடைத்தாலும் கரித்தடம் கரண்டு கடத்தும். ஓட்டைகளுக்கு மெல்லிய கம்பி வலை ஒட்டுங்கள், காற்று போக வேண்டும்.

கரண்டு பில்லு எகிறுமுங்களா?

ஈஎல்34 ஸ்டீரியோ சும்மா இருக்கும்போதே சுமார் 150 வாட் இழுக்கும். தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 18 யூனிட். சித்திரையில் அதே 150 வாட்டும் அறையில் சூடாக நிற்கும், ஃபேன் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மி. "வால்வு மாத்துனா சரியாயிரும்"ங்கிறாரு.

அப்படியென்றால் உங்கள் எதிரிலேயே மாற்றச் சொல்லுங்கள். முதலில் இடது, வலது ஸ்பீக்கர் வயரை மாற்றிப் பாருங்கள், ஸ்பீக்கரே குற்றவாளியாக இருக்கலாம். பிறகு இடது சேனல் ஈசிசி83-ஐ வலதுக்கும், வலதை இடதுக்கும். ஒரே வால்வை இரண்டு சேனலும் பங்கிடும் ஆம்ப்பில் இது பயன்படாது. அடுத்து பவர் வால்வுகளை ஜோடியாக மாற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் ஆஃப் செய்து, ஆற விட்டு. குறை வால்வோடு நகர்ந்தால் அவர் சொன்னது நிஜம், புது ஜோடி விலையைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள். நகராமல் அதே பக்கம் நின்றால், 12 வோல்ட் சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.